இன்ஜினைக் குறை சொல்வதற்கு முன்

கேள்வி: என் பெட்ரோல் காரின் இன்ஜின் சூடேறி ஹெட் வளைந்துவிட்டது. அதே மாடலில் ஒரு பழைய இன்ஜின் வாங்கிப் போட்டோம். ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) ஸ்டியரிங் வரை உதறுகிறது. 2,000 ஆர்.பி.எம். தாண்டினால் ஓரளவு அடங்கிவிடுகிறது. செக் லைட் எரிகிறது, ஸ்கேனரில் பி0300, பி0302 என்று கோளாறு எண்கள் வந்தன (சிலிண்டர்களில் பெட்ரோல் சரியாக எரியாமல் மிஸ்ஸிங், அதிலும் 2ஆம் சிலிண்டரில் என்று அர்த்தமாம்). ப்ளக் நான்கும் புதிது, காயில் நான்கும் புதிது, ஒரு மாற்றமும் இல்லை. விற்றவர் "ஓடிக்கொண்டிருந்ததைத்தான் கழற்றினோம்" என்கிறார், மெக்கானிக் "இன்ஜினே சரியில்லை" என்கிறார். யார் சொல்வதை நம்புவது?

பதில்: முதலில் கம்ப்ரஷன் கேஜ், அதாவது ப்ளக் துளையில் மாட்டிச் சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை அளக்கும் கருவி, என்ன சொல்கிறது என்று பாருங்கள். ப்ளக், காயில் வாங்கிய காசுக்கு முன்னாலேயே இதைச் செய்திருக்க வேண்டும், சரி, போனது போகட்டும். இன்ஜின் சூடாக இருக்கும்போது நான்கு ப்ளக்கையும் கழற்றி, காயில், இன்ஜெக்டர் கனெக்டர்களைப் பிடுங்கிவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டரையும் நான்கைந்து அடி அடிக்கும் அளவுக்குச் சுழற்றுங்கள். பேட்டரி நல்ல சார்ஜில் இருக்கட்டும், கடைசி சிலிண்டருக்குள் அது களைத்துப் போனால் கணக்கு தப்பிவிடும். எத்தனை பி.எஸ்.ஐ. வர வேண்டும் என்பதை உங்கள் வண்டியின் மேனுவலில் பாருங்கள். நான் அதைவிட முக்கியமாகப் பார்ப்பது நான்குக்கும் இடையிலான வித்தியாசத்தை. அதிகபட்சம் காட்டும் சிலிண்டரில் முக்கால்வாசிகூட ஒரு சிலிண்டர் காட்டவில்லை என்றால் கோளாறு இன்ஜினுக்குள்தான்.

அப்படி 2ஆம் சிலிண்டர் மட்டும் குறைவாக இருந்தால் ப்ளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி சுழற்றுங்கள். அளவு எகிறினால் ரிங், அசையவே இல்லை என்றால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து விழுந்திருந்தால் இரண்டுக்கும் நடுவே கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். நான்குமே ஒரே மாதிரி குறைவாக இருந்தால் கேம் டைமிங்கைப் பாருங்கள், பெல்ட்டோ செயினோ ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கலாம். வெகுநாள் சும்மா கிடந்த இன்ஜின் என்றால் இன்னொன்றும் உண்டு: வால்வு சீட்டில் லேசாகத் துரு ஏறியோ ரிங் ஒட்டிக்கொண்டோ இருந்து, கொஞ்சம் ஓடியதும் தானாகவே சரியாகிவிடும். அதனால் முதல் நாள் அளவை மட்டும் பார்த்து விற்றவரோடு சண்டைக்குப் போக வேண்டாம்.

நான்கும் சரியாக இருந்தால்? நீங்கள் எழுதியதைப் படித்தவுடன் எனக்குத் தோன்றியது அதுதான், ஏனென்றால் ஐடிலில் உதறி, வேகம் ஏறினால் அடங்குவது காற்றுக் கசிவின் பழக்கம். ஐடிலில், காற்றை உள்ளே விடும் த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும், அந்தக் காற்றை சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் மேனிஃபோல்டுக்குள் உறிஞ்சல் பலமாக இருக்கும், உள்ளே போகும் மொத்தக் காற்றே கொஞ்சம்தான், அதில் ஒரு சின்ன ஓட்டை வழியாகக் கணக்கில் வராத காற்று நுழைந்தாலும் பெரிய பங்காகிவிடும். த்ராட்டில் திறந்ததும் அதே ஓட்டை ஒன்றுமில்லாததாகிவிடுகிறது. உங்களுக்கு 2ஆம் சிலிண்டர் மட்டும் பெயர் சொல்லி வருவதால், இன்டேக் மேனிஃபோல்ட் கேஸ்கெட்டில் அந்தத் துளைக்கு நேரே உள்ள இடத்தை முதலில் பாருங்கள். பழைய கேஸ்கெட்டையே திரும்பப் போட்டார்களா என்று மெக்கானிக்கிடம் நேராகக் கேளுங்கள். கிரேனில் தொங்கவிடும்போது மேனிஃபோல்ட் இடித்திருக்கவும் கூடும்.

எனக்கே ஒருமுறை இது நடந்தது. பாதி வண்டியைப் பிரித்துப் போட்டு மூன்று நாள் தேடினேன். கடைசியில் பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸின் அடிப்பக்கத்தில், கிளிப்புக்கு ஒரு விரல்கடை தள்ளி, நகக்கீறல் போல ஒரு வெடிப்பு. மேலிருந்து பார்த்தால் புது ஹோஸ் மாதிரிதான் இருந்தது, விரலால் அடியில் தடவியபோதுதான் பிளந்தது. இன்ஜினைத் தூக்கும்போது யாரோ அதை மடக்கிப் பிடித்திருக்கிறார்கள். (அந்த யாரோ நானேதான்.)

கண்டுபிடிக்க, தண்ணீர் ஸ்ப்ரே பாட்டிலால் கேஸ்கெட் ஓரத்திலும் ஹோஸ் முனைகளிலும் மெல்லிசாக அடியுங்கள், காயில், கனெக்டர் பக்கம் தண்ணீர் போகாமல். ஐடில் சத்தம் மாறும் இடம்தான் ஓட்டை. கார்ப் க்ளீனர் அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், சூடான எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் அது தீப்பிடிக்கும், நான் சொல்லமாட்டேன். ஸ்கேனர் கையில் இருக்கிறதே, அதில் ஃப்யூயல் ட்ரிம்மையும் பாருங்கள், வண்டியின் கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைத்துக்கொள்கிறது என்ற கணக்கு அது. ஐடிலில் கூட்டல் 20 மாதிரி இருந்து 2,500இல் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கினால் காற்றுக் கசிவு, வேகமும் லோடும் ஏற ஏற அதுவும் கூடினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர் பக்கம் போங்கள். இந்தக் கணக்கு காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள வண்டிக்கு. மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரை நம்பி ஓடும் வண்டியில் கசிவு பெரும்பாலும் ஐடில் ஏறி நிற்பதாகத்தான் தெரியும்.

அதுவும் இல்லையென்றால் 2ஆம் இன்ஜெக்டரையும் 3ஆவதையும் இடம் மாற்றிப் போடுங்கள். கோளாறு எண் பி0303 என்று மாறினால் இன்ஜெக்டர் அடைத்திருக்கிறது. பழைய பெட்ரோல் காய்ந்து கிடந்த இன்ஜினில் இது சகஜம்.

ஒன்று மட்டும்: செக் லைட் எரிவதோடு நிற்காமல் விட்டு விட்டு மின்னினால் ஓட்ட வேண்டாம். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேடலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து அதையும் உருக்கிவிடும்.

கேள்வி: இன்ஜின் மாற்றிய பிறகு என் வண்டி விதவிதமாகப் பேசுகிறது. ஒரு நாள் ஒரு சென்சாரின் கோளாறு எண், அடுத்த நாள் வேறொன்று. ஹெட்லைட் போட்டால் ஐடில் விழுகிறது. இ.சி.எம். (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) போய்விட்டது என்கிறார்கள்.

பதில்: கழற்றிய போல்ட்டெல்லாம் போட்டு வைத்த ட்ரேயைத் தேடுங்கள். அதில் பின்னல் போட்ட ஒரு செப்புப் பட்டை மிச்சம் இருந்தால் உங்கள் இ.சி.எம். பிழைத்தது. இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே போகும் எர்த் அது. மாட்ட மறந்தாலோ, பெயின்ட் மேலேயே முடுக்கினாலோ கரன்ட் திரும்பிப் போக வேறு வழி தேடும், சென்சார் எல்லாம் பொய் சொல்லும். மல்டிமீட்டரை வோல்ட்டில் வைத்து ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை இன்ஜின் உலோகத்திலும் தொட்டுக்கொண்டு ஸ்டார்ட் அடியுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை.

அப்படியே காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்கேனரில் கூலன்ட் வெப்பநிலையையும் உள்ளே வரும் காற்றின் வெப்பநிலையையும் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். கூலன்ட் மைனஸ் 40 என்று காட்டினால் அந்தக் கனெக்டர் மாட்டப்படவே இல்லை.

கேள்வி: மிஸ்ஸிங் இல்லை, கோளாறு எண் இல்லை, ஆர்.பி.எம். முள் அசையாமல் நிற்கிறது. ஆனாலும் சீட் அதிர்கிறது. பழைய இன்ஜினில் இப்படி இல்லை.

பதில்: அப்போது இன்ஜின் நன்றாகத்தான் ஓடுகிறது, உட்கார்ந்திருக்கும் விதம்தான் சரியில்லை. இன்ஜினைத் தாங்கும் மவுன்ட் ரப்பர் முறுக்கிக்கொண்ட நிலையில் போல்ட்டை முடுக்கிவிட்டால் இப்படித்தான் அதிரும். கீழே ஜாக் முட்டு கொடுத்துவிட்டு மவுன்ட் போல்ட்டுகளை லேசாகத் தளர்த்தி, இன்ஜினைக் கையால் ஆட்டி அதன் போக்கில் அமரவிட்டு மறுபடி முடுக்குங்கள். எக்ஸாஸ்ட் பைப் எங்காவது பாடியைத் தொடுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.