சிங்க்கில் போன பரோலோ

அன்புள்ள ஐயா,

மிலானில் முதுகலை முடித்திருக்கிறேன். அதற்குப் பரிசாக வீட்டுக்கார அம்மா தன் நிலவறையிலிருந்து 2001ஆம் ஆண்டு பரோலோ ஒயின் ஒன்றை எடுத்துத் தந்தார். ஒரு நாள் ஃபிரிட்ஜில் வைத்து, நண்பர்களோடு காரமான சிக்கன் வறுவலுடன் திறந்தோம். நிறம் வெளிறி, செங்கல் கரைத்த தண்ணீர் மாதிரி இருந்தது. அடியில் வண்டல். வாயில் ஒரே துவர்ப்பு. பாதியை சிங்க்கில் ஊற்றிவிட்டோம். ஒயின் கெட்டுவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எந்தக் கிளாஸில் குடிக்க வேண்டும்? மீதியை என்ன செய்வது?

ர.

அன்புள்ள ர.,

சிங்க்கிலா ஊற்றினீர்கள்? அந்த அம்மாவிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள். இருபது வருடத்துக்கு மேல் இருட்டில் படுக்கப்போட்டு வைத்திருந்ததை உங்களுக்கென்று எடுத்துத் தந்திருக்கிறார். பெற்ற பிள்ளைக்குச் செய்வது அது.

கிளாஸ் எதுவானாலும் சரி, ஸ்டீல் டம்ளர் மட்டும் வேண்டாம். நிறத்தில் குற்றமில்லை. பரோலோ, வட இத்தாலியில் பரோலோ ஊர்ப்பக்கம் நெபியோலோ திராட்சையில் செய்கிற சிவப்பு ஒயின். அந்தத் திராட்சை இளசிலேயே அடர்ந்த சிவப்பு தராது, வயதானால் ஓரத்தில் செங்கல் நிறம் ஏறும். முந்தின நாளே பாட்டிலை நிமிர்த்தி வைத்து அலுங்காமல் ஊற்றினால் வண்டல் அடியிலேயே நின்றுவிடும்.

துவர்ப்புக்கு வருகிறேன். போன வாரம் ஒரு நண்பர் வீட்டில் வேறொரு பரோலோ குடித்ததிலிருந்து இதே நினைப்புதான். அதில் துவர்ப்பே இல்லை. ஐஸ்கிரீம் கடை மாதிரி வெனிலா வாசனை. 225 லிட்டர் பிடிக்கும் சின்னப் புது ஓக் பீப்பாய் செய்கிற வேலை அது. 'பார்ரீக்' என்பார்கள். பரோலோவின் பழைய முறையில் திராட்சைத் தோலைச் சாற்றில் ஒரு மாதம், சமயத்தில் அதற்கும் மேல் ஊறவிடுவார்கள். துவர்ப்பு அந்தத் தோலிலிருந்துதான் வருகிறது. பிறகு ஆயிரக்கணக்கான லிட்டர் பிடிக்கும் பழைய பீப்பாயில் வருடக்கணக்கில் கிடக்கும். சட்டமே 38 மாதம் கேட்கிறது, அதில் 18 மாதம் மரத்தில். நல்ல தயாரிப்பாளர்கள் சட்டத்தோடு நிற்பதில்லை.

சின்னப் பீப்பாயா, பெரிய பீப்பாயா என்ற இந்தச் சண்டையில் பரோலோ பக்கத்துக் குடும்பங்கள் உடைந்திருக்கின்றன. 1983இல் லா மோர்ரா கிராமத்து ஒயின்காரர் எலியோ அல்தாரே, சின்னப் பீப்பாய்க்கு மாறுவதற்காக அப்பாவின் பெரிய பீப்பாய்களை மின்ரம்பத்தால் அறுத்துப் போட்டார். அப்பா அவருக்குச் சொத்தில்லாமல் செய்துவிட்டார். எதிர்த்தரப்பில் பார்த்தோலோ மஸ்கரெல்லோ, 'நோ பார்ரீக், நோ பெர்லுஸ்கோனி' (பார்ரீக்கும் வேண்டாம், அரசியல்வாதி பெர்லுஸ்கோனியும் வேண்டாம்) என்று லேபிளில் தன் கையால் எழுதி வைத்த கிழவர். எனக்கு மஸ்கரெல்லோ கட்சிதான். ஆனால் அல்தாரேயையும் திட்ட மனம் வரவில்லை. கழுவாமல் நாறிய பீப்பாய்கள் அன்று நிறைய இருந்தன, விவசாயிக்குக் கையில் காசும் இல்லை. ரம்பம் எடுத்தவனுக்கும் நியாயம் உண்டு. வெனிலா மோகம் தணிந்து பலர் இப்போது பெரிய பீப்பாய்க்கே திரும்பியிருக்கிறார்கள், அது வேறு கதை.

நமக்குத்தான் வெட்கம். அறுசுவையில் துவர்ப்புக்குத் தனி இடம் கொடுத்த மொழி இது. வாழைப்பூவும் கொட்டைப்பாக்கும் தின்று வளர்ந்த நாக்கு, துவர்த்ததும் 'கெட்டுப்போச்சு' என்கிறது! குளிர் துவர்ப்பைக் கூர்மையாக்கும். மிளகாய் அதை இன்னும் எரியவைக்கும். நீங்கள் இரண்டையும் சேர்த்துவிட்டுப் பாட்டில் மேல் பழி போடுகிறீர்கள்.

நானும் யோக்கியன் இல்லை. ஒரு நவம்பரில், பரோலோவுக்குப் பக்கத்து நகரமான ஆல்பாவில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. வெளியே எதிர்வீடு தெரியாத மூடுபனி. 1982 பரோலோ பாட்டில் ஒன்றைத் திறந்து கொஞ்சம் ஊற்றினார் கடைக்காரர். ஒரு வாய் குடித்து முகம் சுளித்தேன். மனிதர் ஒன்றும் பேசவில்லை. என் கையிலிருந்து கிளாஸை வாங்கி, மேலே காபி சாஸரைக் கவிழ்த்து மேசையின் மறுகோடியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். பசியோடு முக்கால் மணி நேரம். அப்புறம் மஞ்சள்கருவில் பிசைந்த 'தயாரின்' என்கிற நூடுல்ஸ் தட்டோடு வந்து சாஸரை எடுத்தார்.

வெயிலில் இளகிய தார். மாலையிலிருந்து உதிர்ந்து மூன்று நாளான பன்னீர் ரோஜா. ஈரக் காளான். நாக்கில் அதே துவர்ப்புதான், ஆனால் பட்டுத்துணி மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. 'இத்தனை நேரம் எங்கே இருந்தாய்' என்று கேட்கத் தோன்றியது. கடைசி மடக்கு வரை யாரும் பேசவில்லை.

கெட்டதா என்று கேட்டீர்கள் இல்லையா. வினிகர் நெடியோ, நனைந்த அட்டைப்பெட்டி வாடையோ அடித்தால் கெட்டது. உங்கள் கடிதத்தில் இரண்டும் இல்லை. திறந்து இரண்டு நாள்தான் ஆகியிருக்கும். மீதியைக் கார்க்கோடு ஃபிரிட்ஜில் வைத்திருந்தால் இப்போதே எடுத்து வெளியே வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்து இரண்டு கிளாஸ் எடுத்துக்கொண்டு கீழே போய் அந்த அம்மாவின் கதவைத் தட்டுங்கள். சிக்கன் வறுவல் வேண்டாம்.