எதிர்ப்பாற்றல் சிகிச்சையும் நாற்பதைக் கடந்த கருமுட்டையும்

கேள்வி: வயது 42. சோதனைக்குழாய் முறையில் மூன்று முறை கரு வைத்தும் பதியவில்லை. ரத்தத்தில் என்கே செல்கள் (எதிர்ப்பாற்றல் தரும் ஒருவகை வெள்ளையணுக்கள்) அதிகம் என்று கூறி, அவற்றை அடக்க இன்ட்ராலிபிட் என்ற கொழுப்புக் கரைசலை ஏற்றச் சொல்கிறார்கள். ஏற்கலாமா?

பதில்: வேண்டாம். ரத்தத்தில் ஓடும் என்கே செல் வேறு, கருப்பையில் இருக்கும் என்கே செல் வேறு. பின்னது நஞ்சுக்கொடி வேர்பிடிக்கத் துணைசெய்வதேயன்றி கருவைத் தாக்குவதில்லை. ரத்த எண்ணிக்கையோ மன உளைச்சலிலும் உடற்பயிற்சியிலும்கூட மாறும். எந்த அளவு ‘அதிகம்’ என்பதிலேயே ஒப்புதல் இல்லாதபோது, அந்த ஒற்றை எண்ணை நம்பிப் பால்போன்ற எண்ணெய்க் குழம்பை நரம்பில் ஏற்றுவது எப்படிச் சரியாகும்? உணவு உட்கொள்ள இயலாத நோயாளிகளுக்கான ஊட்டமாக உருவானது அது. 2023இல் ஐரோப்பிய மனித இனப்பெருக்கச் சங்கம் வெளியிட்ட பரிந்துரைகளும் இதை ஆதரிக்கவில்லை.

என் நெடுநாள் ஆதங்கம் இதுதான்: வயதால் நேர்வதை எதிர்ப்பாற்றலின் தலையில் கட்டுகிறோம். 42 வயதில் உருவாகும் கருக்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று குரோமோசோம் குறையுடையவை. அவை பதியாமல் போவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. எதிர்ப்பாற்றல்தான் கருவை அழிக்கிறது என்றால், 45 வயதுப் பெண் இளம்பெண்ணின் தானக் கருமுட்டையால் கருத்தரிப்பது எப்படி? கருப்பையும் ரத்தமும் அவருடையவை; கருவோ மரபணுவால் முற்றிலும் அந்நியம். ஆயினும் வெற்றி வாய்ப்பு தானம் தந்தவரின் வயதையொட்டியே அமைகிறது. இந்தக் கேள்வியை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். ஊசிக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் கருமுட்டை இருப்பில் கழிகிறது என்பதையும் மறவாதீர்கள்.

கேள்வி: எனக்கு முட்டை ஒவ்வாமை உண்டு. இன்ட்ராலிபிட் ஏற்கலாமா?

பதில்: கூடாது. சோயா எண்ணெயோடு முட்டை மஞ்சள்கருவின் கொழுப்பும் அதில் உள்ளது.

கேள்வி: அக்கா எதிர்ப்பாற்றலை அடக்கும் ஸ்டீராய்டு மாத்திரையான பிரெட்னிசலோன் எடுத்துக் கருத்தரித்தார். மீதமுள்ள மாத்திரைகளை நான் விழுங்கலாமா?

பதில்: அக்காவின் மாத்திரைப் பட்டையை மருந்துச்சீட்டாகக் கொள்வது எவ்வகை அறிவு? கரு பலமுறை பதியாத 700க்கும் மேற்பட்ட பெண்களிடம் சீனாவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், உடலில் பிரெட்னிசலோனாக மாறும் பிரெட்னிசோன் உயிர்ப்பிறப்பை உயர்த்தவில்லை. குறைப்பிரசவமும் தொடக்கநிலைக் கருயிழப்பும் கூடின. சர்க்கரையும் ஏறும்.

கேள்வி: கணவரின் வெள்ளையணுக்களை ஊசியாகப் போடலாம் என்கிறார்கள்.

பதில்: மறுத்துவிடுங்கள். 1999இல் வெளியான ஆய்வு பயனில்லை என்றது. 2002இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் ஆய்வுக்கு வெளியே இதைத் தரக் கூடாது என்றது. ரத்தவழித் தொற்று அபாயமும் உண்டு.

கேள்வி: மூன்று கருச்சிதைவுகள். ரத்தம் உறையாதிருக்க ஆஸ்பிரின், ஹெப்பரின் தந்துள்ளார்கள். இதுவும் வீணா?

பதில்: இல்லை, இது வேறு. ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய் (உடலின் எதிர்ப்பாற்றலே ரத்தம் உறையத் தூண்டும் நோய்) இருப்பின் இவை உண்மையிலேயே பயன்தரும். ஆனால் குறைந்தது 12 வார இடைவெளியில் இருமுறை பரிசோதனை உறுதியாக வேண்டும். ஒருமுறை வந்த முடிவைக் கொண்டு முடிவெடுக்கக் கூடாது.

கேள்வி: எனக்கு எந்த ஊசி நல்லது?

பதில்: வயது இல்லை, கருமுட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்எச் ஹார்மோன் அளவு இல்லை, எத்தனை கரு வைத்தார்கள் என்ற விவரமும் இல்லை. முழு அறிக்கையோடு எழுதுங்கள்.

கேள்வி: வயது 48. சட்டம் அனுமதிக்குமா? எதிர்ப்பாற்றல் சிகிச்சையோடு என் கருமுட்டையிலேயே முயலலாமா?

பதில்: இந்தியாவின் 2021ஆம் ஆண்டு இனப்பெருக்க உதவித் தொழில்நுட்பச் சட்டப்படி 50 வயதுக்குட்பட்ட பெண்ணுக்கும் 55 வயதுக்குட்பட்ட ஆணுக்கும் அனுமதி உண்டு. உங்கள் சொந்தக் கருமுட்டையால் வாய்ப்பு ஏறத்தாழ இல்லை. எந்த எதிர்ப்பாற்றல் மருந்தும் அதை மாற்றாது. தானக் கருமுட்டை வேண்டுமா, வேண்டாமா என்பதைக் கணவரோடு பேசித் தீர்மானித்த பின்பே அடுத்த சந்திப்புக்குச் செல்லுங்கள்.