ஏப்ரல் பில்லு எக்ஸெல்ல மாசம் மாறி நிக்குதா? கம்ப்யூட்டரை ஃபார்மட் அடிக்கக் குடுத்துராதீங்க

குலசேகரத்துல ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் எடுத்து விக்கிற அண்ணன் ஒருத்தர் கேட்டிருக்காங்க: புது கம்ப்யூட்டர் வாங்குனப்புறம் பில்லிங் சாஃப்ட்வேர்ல இருந்து 2025 ஏப்ரல் பில்லை சிஎஸ்வியா (வெறும் எழுத்தா வர்ற பட்டியல் ஃபைலு) எடுத்து எக்ஸெல்ல திறந்தா, கொஞ்சம் பில்லு ஜனவரியில இருந்து டிசம்பர் வரைக்கும் சிதறிக் கிடக்கு, மீதி எந்த மாசத்துலயும் சேர மாட்டேங்குது, சர்வீஸ் பையன் வைரஸ், ஃபார்மட் அடிக்கணும்னு சொல்றான், நெசமா?

வைரஸ் எல்லாம் ஒண்ணும் இல்ல அண்ணே. விண்டோஸ் போட்டவங்க ரீஜியனை (எந்த நாடுங்கிற செட்டிங்கை) யுனைடெட் ஸ்டேட்ஸ்னு விட்டுட்டு போயிருக்காங்க, அங்க மாசம் முதல்ல, நாள் அப்புறம். உங்க 03/04/2025 நமக்கு ஏப்ரல் 3, அதுக்கு மார்ச் 4. 12-ம் தேதி வரைக்கும் உள்ள பில்லை நல்லா உத்துப் பாருங்க, எல்லாம் 4-ம் தேதியா மாறி கட்டத்துக்குள்ள வலது பக்கம் ஒட்டி நிக்கும். 13-ல இருந்து இடது பக்கம், ஏன்னா 13-வது மாசம்னு ஒண்ணு இல்லாததால அதை வெறும் எழுத்தா வச்சுக்கிட்டு எக்ஸெல் கூட்டல்ல சேக்கல. ஏப்ரல் 1, 2, 3 பில்லு மூணு நாளும் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் 4-ன்னு மாறி, போன நிதியாண்டுக்கே போயிருச்சு பாத்தீங்களா, அதான் எனக்கு பயம்.

கன்ட்ரோல் பேனல்ல ரீஜியன் போய் ஃபார்மட்டை இங்கிலீஷ் இந்தியான்னு மாத்துங்க. ஆனா இங்கதான் முக்கால்வாசி பேரு மாட்டிக்கிடுறாங்க. ஏற்கனவே திறந்து சேவ் பண்ண ஃபைல் இதுல சரியாகாது. எக்ஸெல் தேதியை நம்பராதான் வச்சிருக்கு, ஏப்ரல் 3-க்கு 45750, உங்க ஃபைல்ல இருக்கிறது 45720. செட்டிங்கை மாத்துனா அதே தப்பு 04-03-2025-ன்னு நம்ம ஊரு மாதிரி அழகா காட்டும், யாருக்கும் சந்தேகமே வராது. அந்த ஃபைலைத் தூக்கிப் போட்டுட்டு பில்லிங் சாஃப்ட்வேர்ல இருந்து புதுசா எடுங்க. டபுள் கிளிக் பண்ணாம, ஃபைல் பேருக்குப் பின்னால உள்ள சிஎஸ்வியை (.csv) டிஎக்ஸ்டின்னு (.txt) மாத்தி எக்ஸெல்குள்ள இருந்து ஓப்பன் பண்ணா மூணு ஸ்டெப் கேக்கும், மூணாவதுல தேதி இருக்கிற நெடுவரிசையைத் தொட்டு டேட், டிஎம்ஒய் (நாள், மாசம், வருஷம்) குடுங்க. முடிஞ்சுது.

ஒரே ஒரு கேஸ் வேற. தேதி சரியா 4 வருஷமும் 1 நாளும் பின்னால நிக்குதுன்னா ரீஜியனைத் தொடவே தொடாதீங்க. பழைய மேக்ல பண்ண எக்ஸெல் ஃபைல் 1900-க்கு பதிலா 1904-ல இருந்து நாளை எண்ணும், அதுல இருந்து காப்பி பண்ணி உங்க ஃபைல்ல ஒட்டுனா இப்படி ஆகும். ஒட்டுன தேதியோட மட்டும் 1462 கூட்டணும், முழு நெடுவரிசைக்கும் கூட்டிட்டா நல்லா இருந்ததும் கெட்டுப்போகும். பெங்களூர்ல இருக்கிற பிள்ளைங்க பழைய மேக்ல ஷீட் போட்டு அனுப்புற வீடுகள்ல இதைக் கவனிங்க.

ஃபார்மட் அடிக்க மட்டும் சிபியூவைக் குடுத்துராதீங்க. பேக்கப் எடுக்காம அடிச்சா பில்லிங் டேட்டாவே போயிரும், திரும்பவும் திருட்டு விண்டோஸைப் போட்டு அதே அமெரிக்கா செட்டிங்கோட கையில குடுத்து காசும் வாங்கிக்கிடுவாங்க, அடுத்த மாசம் திரும்ப அவங்க வாசல்லதான் நிக்கணும். நம்ம ஜிஎஸ்டியும் லேசுப்பட்டது இல்ல, இ-இன்வாய்ஸுக்கு 03/04/2025-ன்னு கேக்கும், ரிட்டர்ன் போடுற ஆஃப்லைன் டூல்ல மாசத்தை மூணெழுத்துல ஏப்ர்-னு இங்கிலீஷ்ல கேக்கும், ஒரே வரிக்கு ஒரே மாதிரி தேதி வைக்க இத்தனை வருஷமா முடியலியா? சின்னக் கடைக்காரன்தான் கிடந்து அல்லாடுறான்.

இப்பவே ஆடிட்டருக்கு போன் போட்டு, நீங்க அனுப்புன பழைய ஃபைலை வச்சு ஜிஎஸ்டிஆர்-1 (ஜிஎஸ்டிக்குக் குடுக்கிற விற்பனைக் கணக்கு) ஏத்திட்டாங்களான்னு கேளுங்க. ஏத்திட்டா அமெண்ட்மெண்ட் (திருத்தம்) போடணும், அதுக்கு ஒரிஜினல் பில்லு புக்கோட போங்க.