தமனி வீக்கம்: சரிசெய்வதா, தொடாமல் விடுவதா?

கேள்வி: என் தம்பிக்கு வயது 26. வயிற்று வலிக்காக எடுத்த சி.டி. ஸ்கேனில், மண்ணீரலுக்குப் போகும் தமனியில் ஒன்றரை செ.மீ. வீக்கம் தெரிந்தது. மரபணுப் பரிசோதனையில் ரத்தக் குழாய்களைப் பலவீனமாக்கும் ‘வாஸ்குலர் எஹ்லர்ஸ்-டான்லோஸ்’ என்ற மரபணு நோய் என்று வந்திருக்கிறது. ஒரு டாக்டர் உடனே சரிசெய்யச் சொல்கிறார். இன்னொருவர் தொடவே வேண்டாம் என்கிறார். எனக்கு இப்போதுதான் திருமணமாகியிருக்கிறது. இது எனக்கும் வருமா?

பதில்: வீக்கம் வளராமல், கசியாமல் இருக்கும்வரை நான் இரண்டாமவர் பக்கம்.

மற்றவர்களுக்கு என்றால் தொடை வழியே குழாய் விட்டு, ‘காயில்’ (coil) எனும் மெல்லிய உலோகச் சுருளை வைத்து வீக்கத்தை அடைத்துவிடுவோம். ரத்தக் குழாய்ச் சுவருக்கு உறுதி தருவது மூன்றாம் வகைக் கொலாஜன். உங்கள் தம்பிக்கு அதன் மரபணுவிலேயே கோளாறு. நைந்த வேட்டியில் தையல் போட்டால் நூல் துணியையும் கிழித்துக்கொண்டு வருமே, அப்படித்தான் இந்தத் தமனிகளும். அறுவை சிகிச்சையில் கிளாம்ப் எனும் கவ்வியால் பிடித்த இடம் கிழியும். ஊசி குத்திய தொடைத் தமனியும் கிழியலாம். அதனால் ரத்தக் குழாய்களைப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராமைக்கூட, தமனிக்குள் குழாய் விடாமல், சி.டி. அல்லது எம்.ஆர். ஸ்கேன் முறையில் எடுப்பதே நல்லது. ரத்தம் கசிந்தாலோ வீக்கம் வேகமாக வளர்ந்தாலோ கணக்கு மாறும். அப்போது வயிற்றைத் திறப்பதைவிடக் காயிலையே முதலில் யோசிப்போம், அனுபவமுள்ள கைகளில்.

தொட வேண்டாம் என்றதும் மருந்தையும் சிலர் மறந்துவிடுகிறார்கள். ரத்த அழுத்தம் ஏறவே கூடாது. செலிப்ரோலால் என்ற ரத்த அழுத்த மருந்து பற்றி டாக்டரிடம் கேளுங்கள். பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் 53 பேரிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், அதை எடுத்தவர்களில் 20 சதவீதத்தினருக்கும் எடுக்காதவர்களில் 50 சதவீதத்தினருக்கும் தமனி கிழிதல், வெடித்தல் போன்றவை ஏற்பட்டன. சிறிய ஆய்வுதான், ஆனாலும் ஒதுக்க முடியாதது.

வயிற்றுப்போக்கு என்று மருந்துக்கடையில் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கேட்டு வாங்கும் பழக்கம் நம் ஊரில் உண்டு. தம்பிக்கு அது வேண்டாம். அந்த வகை மருந்துகள் மகாதமனியைக் கிழிக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல் எச்சரித்தது. திடீரென்று நெஞ்சோ வயிறோ வலித்தால் வாயு என்று சோடா குடித்துப் படுக்க வேண்டாம். நோயின் பெயர் எழுதிய கடிதத்துடன் அவசரப் பிரிவுக்குப் போகட்டும்.

இனி உங்களுக்கு. ஏறக்குறைய பாதிப் பேருக்கு இக்கோளாறு புதிதாகவே தோன்றுகிறது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து தம்பிக்கு வந்திருந்தால், உங்களுக்கும் இருக்க 50 சதவீத வாய்ப்பு உண்டு. இந்நோய் உள்ள பெண்களுக்குப் பிரசவத்தையொட்டித் தமனியோ கருப்பையோ கிழியக்கூடும். அப்பா, அம்மா, நீங்கள் மூவரும் அதே மரபணுவுக்குப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். முடிவு வரும்வரை கர்ப்பத்தைத் தள்ளிவையுங்கள்.