கவசமும் கண்ணிவெடியும்

அன்புள்ள ஐயா,

நான் எழுதிவரும் அறிவியல் புனைகதையின் முதல் மூன்று அத்தியாயங்களை இணைத்துள்ளேன். ராணுவப் பொறியாளர்கள் பாலம் போடவும் கண்ணிவெடி எடுக்கவும் உருவான 400 கிலோ எந்திரக் கவசம், போர் முடிந்தபின் அரங்கச் சண்டைக்கு வருகிறது. இறுதிச் சண்டையில் நாயகனுக்கு வாள் கொடுப்பதா, சம்மட்டியா? நண்பர்கள் ‘சின்னப்பிள்ளைத்தனம்’ என்று சிரிக்கிறார்கள். விட்டுவிடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

விடாதீர்கள். சிரிக்கிறவர்களிடம் அரைகுறையாக இருக்கும்போதே ஏன் காட்டினீர்கள்? கவசத்தின் நிறம், எதிராளியின் தழும்பு பற்றியெல்லாம் எனக்குக் கருத்தில்லை. பாலம் போடும் அத்தியாயம் நன்றாகவே வந்திருக்கிறது.

ஆனால் இரண்டாம் அத்தியாயம் அநியாயம். சில நாட்களாக இந்தக் கவசங்களைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன், அதனால் கோபம் கொஞ்சம் அதிகமாகவே வருகிறது. உங்கள் ஆள் கவசத்தை மாட்டிக்கொண்டு கண்ணிவெடி வயலுக்குள் விறைப்பாக நடக்கிறான். டாங்கி எதிர்ப்புக் கண்ணிவெடிகள் பெரும்பாலும் 100 கிலோவுக்கு மேல் அழுத்தினால்தான் வெடிக்கும். வெறுங்காலோடு போகிறவனை அவை பொதுவாக ஒன்றும் செய்யாது. உங்கள் நாயகனோ ஒவ்வோர் அடியிலும் கிட்டத்தட்ட அரை டன்னை ஒற்றைப் பாதத்தில் இறக்குகிறான். அவனைச் சும்மா விட்டிருக்கக்கூடிய வெடியையும் வெடிக்க வைத்துவிட்டீர்களே! அதுவும் டாங்கியின் சங்கிலிப் பட்டையையே அறுக்கிற வெடி.

கண்ணிவெடியைக் கையால் தேடுகிறவன் குப்புறப் படுத்து, மெல்லிய கம்பியைச் சுமார் 30 பாகைச் சாய்வில் மண்ணுக்குள் நுழைப்பான். செங்குத்தாகக் குத்தினால் வெடியின் தலையில் போய் அழுத்தும். சாய்த்தால் பக்கவாட்டில் லேசாகத் தட்டும். அந்தத் தட்டு விரலுக்குத் தெரியவேண்டும். உங்கள் இரும்பு விரலுக்குத் தெரியுமா? அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 1912இல் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையின் அதிகாரி மெக்ளின்டாக் உருவாக்கிய பெங்களூர் டார்பிடோவைப் பாருங்கள்: வெடிமருந்துக் குழாய்களை ஒன்றோடொன்று மாட்டி, முள்கம்பிக்கு அடியில் தூரத்திலிருந்தே தள்ளுவார்கள். தள்ளி நில், தாழ்ந்து கிட என்பதுதான் அவர்கள் புத்தி. நீங்கள் அவனை எட்டடி உயரத்துக்கு நிமிர்த்தி வைக்கிறீர்கள்.

சரி, அரங்கம். 1960களில் ஜெனரல் எலக்ட்ரிக் செய்த ஹார்டிமேன் கவசம் 680 கிலோ. முழுதாக இயக்கிப் பார்த்தபோது கட்டுக்கடங்காமல் உதறியது. அதனால் ஆளை உள்ளே வைத்து முழுதாக இயக்கவே இல்லை. ஒழுங்காக வேலைசெய்தது ஒரு கை மட்டும், அது தூக்கியது 340 கிலோ. முழங்கால் மடங்கும்போது அதன் அச்சே நகரும், இரும்புக் கீலில் அது நகராது. வாரால் இறுக்கிக் கட்டிய காலும் கீலும் மல்லுக்கு நிற்கும்போது எதிராளி எதற்கு? இந்தச் சண்டையை எழுதுங்கள், நான் உட்கார்ந்து படிக்கிறேன்.

வாள், சம்மட்டி விஷயத்தைப் பிறகு பார்க்கலாம். முதலில் இரண்டாம் அத்தியாயத்தைத் திருத்தி அனுப்புங்கள்.