தங்கும் அறையில் பூச்சி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கல்யாணம், படைப்பு (முன்னோருக்குப் படைக்கும் குடும்ப வழிபாடு), சுற்றுலா என்று செட்டிநாட்டுப் பக்கம் வந்து தங்கியவர்களும், அங்கே அறை வாடகைக்கு விடுகிறவர்களும் எழுதியவை. கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

கே: கானாடுகாத்தானில் பழைய பங்களா ஹோட்டல். ஓர் இரவுக்கு 9,000 ரூபாய். பாத்ரூம் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிலந்தி. வாடகையைத் திரும்பக் கேட்கலாமா? (வாசகி, கோயம்புத்தூர்)

ஒரு சிலந்திக்காகக் கேட்க முடியாது. நீங்கள் பார்த்தது பெரும்பாலும் வலை பின்னாத, பழுப்பு நிறப் பெரிய வீட்டுச் சிலந்தியாக இருக்கும். ராத்திரியில் சுவரில் ஓடிக் கரப்பானைப் பிடித்துத் தின்னும். தானாக வந்து கடிக்காது. கையில் நசுங்கினால் கடிக்கலாம், வலிக்கும், அவ்வளவுதான். அதன் வயிற்றுக்கு அடியில் வெள்ளையாகத் தட்டையாக ஏதாவது ஒட்டியிருந்தால் அது முட்டைப் பை. துடைப்பத்தால் அடித்து அதைக் கிழித்தால் குஞ்சுகள் அறை முழுக்கச் சிதறும். அகல வாய் டப்பா ஒன்றைச் சுவரோடு மெதுவாகக் கவிழ்த்து, சுவருக்கும் டப்பாவுக்கும் நடுவே கெட்டி அட்டையை நுழைத்து, வெளியே கொண்டுபோய் விடுங்கள். பயமாக இருந்தால் ரூம் பாயைக் கூப்பிட்டு இதே மாதிரி செய்யச் சொல்லுங்கள்.

நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. அவ்வளவு பெரிய சிலந்தி அங்கே இருக்கிறது என்றால் அதற்கு அங்கே தீனி இருக்கிறது. தண்ணீர் போகும் ஜாலியைத் தூக்கிப் பாருங்கள். கரப்பான் அங்கேதான் இருக்கும். கூரை மூலையில் தூசி படிந்த ஒட்டடையும் அதில் காய்ந்த பூச்சிக் கூடுகளும் தொங்கினால், அந்த அறையைப் பல வாரமாகச் சுத்தம் செய்யவில்லை. அதைப் படம் எடுத்து வேறு அறை கேளுங்கள். அது நியாயமான கோரிக்கை.

கே: பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்குக் காரைக்குடி லாட்ஜில் மூன்று நாள் தங்கினோம். உடம்பெல்லாம் வரிசையாகத் தடிப்பு. மெத்தையைப் புரட்டினால் மூட்டைப்பூச்சி. "நீங்கதான் கொண்டு வந்திருப்பீங்க" என்கிறார் மேனேஜர். இப்போது சென்னை வீட்டிலும் கடிக்கிறது. (வாசகர், அம்பத்தூர்)

உங்கள் மீதே பழியைப் போட்டிருக்கிறார்கள். இதை விடாதீர்கள்.

மேனேஜர் சொல்வதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. முந்தின நாள் பையில் வந்த பூச்சி ஒன்றிரண்டுதான் இருக்கும். மெத்தை ஓரத்தில் கயிறு போலத் தைத்திருக்கும் விளிம்பில் மையைத் தெளித்த மாதிரி கரும்புள்ளிகள், உரித்துப் போட்ட தோல், 1 மில்லிமீட்டர் வெள்ளை முட்டைகள், பெரிசும் சிறிசுமாகப் பூச்சிகள் எல்லாம் சேர்ந்து இருந்தால் அது பல வாரத்துக் குடித்தனம். முட்டை பொரிக்கவே 6 முதல் 10 நாள் ஆகும். அந்த விளிம்பை எடுத்த படம் உங்களிடம் இருந்தால் அதுவே அவருக்குப் பதில். பூச்சிக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்துப் படம் எடுத்தால் அளவும் தெரியும். பிடித்த பூச்சியைச் செல்லோ டேப்பில் ஒட்டி, தாளில் தேதியும் அறை எண்ணும் எழுதி வைக்கலாம். தடிப்புக்கு டாக்டரிடம் காட்டிய சீட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். மேனேஜரிடம் வாயால் சொன்னதை அன்றே வாட்ஸ்அப்பிலும் அனுப்புவதுதான் முறை. அனுப்பவில்லை என்றால் இன்றைக்காவது நடந்ததைத் தேதியோடு எழுதி அனுப்புங்கள்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள், தமிழிலேயே பேசலாம். அதில் தீராவிட்டால் லாட்ஜுக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், சிவகங்கைக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. 2 ஆண்டுக்குள் போட வேண்டும். குறையுள்ள சேவைக்கு வாங்கிய பணத்தை, பில்லில் சொன்ன கெடுவுக்குள் (கெடு இல்லாவிட்டால் 30 நாளுக்குள்) திருப்பித் தர மறுப்பதையே நேர்மையற்ற வணிகம் என்கிறது அந்தச் சட்டம். அறை வாடகை, மருத்துவச் செலவு, வீட்டில் மருந்தடிக்க ஆன செலவு, மன உளைச்சலுக்கு ஒரு நியாயமான தொகை என்று கேளுங்கள். பத்து லட்சம் என்று எழுதினால் உண்மையான நஷ்டமும் சேர்ந்து மதிப்பிழக்கும்.

இனி உங்கள் வீடு. கல்யாணத்துக்குக் கொண்டுபோன துணி எல்லாவற்றையும் பாலித்தீன் பையில் கட்டுங்கள். பருத்தித் துணியை 60 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் துவையுங்கள். பட்டுச் சேலையைக் காற்றுப் புகாத கவரில் வைத்து, மைனஸ் 18 டிகிரி டீப் ஃப்ரீசரில் 4 நாள் வைத்தால் முட்டையும் சாகும். சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜின் ஐஸ் பெட்டி அவ்வளவு குளிராது, அதை நம்ப வேண்டாம். பெட்டியின் ஜிப், தையல், சக்கர இடுக்கு எல்லாவற்றையும் வாக்யூம் போட்டுவிட்டு, அந்தத் தூசிப் பையைக் கட்டி வெளியே எறியுங்கள். மருந்தடிக்க ஆள் வந்தால், 10 முதல் 14 நாளில் இரண்டாவது தடவையும் வருவதாக எழுதி வாங்குங்கள். ஒரு தடவை அடித்தால் முட்டை தப்பும். ஒரு மாதத்தில் மறுபடி அதே கதை.

கே: படுக்கும் முன் மெத்தையில் கரப்பான் ஸ்ப்ரே அடித்துவிட்டுத் தூங்கலாமா? (வாசகர், சிவகங்கை)

கூடாது.

கே: ஆப்பில் 4 ஸ்டார் பார்த்து புக் செய்தேன். போனால் கட்டில் முழுக்க மூட்டைப்பூச்சி. "ரீஃபண்ட் இல்லை" என்று போட்டிருந்ததை நான் படிக்கவில்லை. கமெண்ட்டுகளில் நாலு பேர் பூச்சி என்று எழுதியிருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். (வாசகர், மதுரை)

நாலு பேர் எழுதியிருந்தார்கள். படிக்க இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. ஸ்டார் என்பது சாப்பாடு, இடம், உபசரிப்பு எல்லாவற்றையும் சேர்த்த சராசரி. மெத்தையைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. கமெண்ட் பகுதியில் 'பூச்சி', 'கடி', 'கரப்பான்' என்று தேடுங்கள், கடைசி மூன்று மாதத்துக் கருத்துகளை மட்டும் பாருங்கள்.

பணம் முழுக்கப் போய்விட்டது என்றும் இல்லை. "ரீஃபண்ட் இல்லை" என்பது நீங்கள் மனம் மாறினால் பொருந்தும். தங்க முடியாத அறையைத் தருவதற்கு அது உரிமம் ஆகாது. அறையை விட்டு வெளியேறும் முன்பே ஆப்பின் உதவிப் பகுதியில் படத்தோடு புகார் போட வேண்டும். அடுத்த ஊருக்குப் போய் நாலு நாள் கழித்து எழுதினால் யார் நம்புவார்கள்?

அறைக்குள் போனதும் பெட்டியை மெத்தையில் வைக்காதீர்கள். பாத்ரூம் டைல்ஸில் வையுங்கள். மொபைல் டார்ச்சைப் போட்டு, தலைமாட்டுப் பக்கம் விரிப்பைத் தூக்கி இரண்டு மூலைகளையும் பாருங்கள். பிறகு கட்டில் தலைப்பலகையின் பின்புறம், ஆணி ஓட்டைகள், பக்கத்து மேசையின் டிராயர், தலைக்கு மேல் மாட்டிய படத்தின் பின்பக்கம். ஏடிஎம் கார்டின் ஓரத்தை இடுக்கில் இழுத்தால் உள்ளே இருப்பது வெளியே வரும். வேறு அறை கேட்டால், ஒட்டிய அறையும் நேர் மேலே கீழே இருக்கும் அறையும் வேண்டாம் என்று சொல்லுங்கள். சுவர் இடுக்கு, வயர் பைப் வழியாகப் பூச்சி பக்கத்து அறைக்குப் போயிருக்கும்.

கே: ஐப்பசி மழையில் பள்ளத்தூரில் தங்கினேன். காலையில் கழுத்தில் கோடு போட்டதுபோல் எரிச்சல், கொப்புளம். சிலந்தி கடி என்கிறார்கள், சிலர் அக்கி எழுதச் சொல்கிறார்கள். (வாசகி, திருச்சி)

கோடாக வந்தால் சிலந்தியைச் சந்தேகிக்க வேண்டாம். மழைக்காலத்தில் விளக்கு வெளிச்சத்துக்கு வரும், எறும்பைவிடக் கொஞ்சம் நீளமான, ஆரஞ்சும் கறுப்புமான ஒரு வண்டு இருக்கிறது. ஆசிட் பூச்சி என்பார்கள். அது கடிப்பதில்லை. கழுத்தில் ஊரும்போது தூக்கத்தில் தேய்த்துவிடுகிறோம். நசுங்கிய உடம்பின் சாறு பட்ட இடமெல்லாம் வெந்துபோகும். சாறு இழுபட்ட தடத்தில் கோடு. மேலே ஊர்ந்தால் ஊதித் தள்ளுங்கள். பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணைக் கசக்காதீர்கள். அக்கி என்பது வேறு நோய், அதற்கு மாத்திரை உண்டு, சீக்கிரம் தொடங்கினால்தான் பலன். எது என்று தோல் டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். காவி எழுதிக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள்.

கே: காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடையில் தேக்குக் கட்டில் பார்த்திருக்கிறேன். ஹோம்ஸ்டே அறைக்குப் போட ஆசை. பூச்சி இருக்குமா? (வாசகர், தேவகோட்டை)

இருக்கலாம். மூட்டைப்பூச்சி சாப்பாடு இல்லாமல் மாதக்கணக்கில் கிடக்கும். கடையில் சும்மா கிடந்த கட்டில் என்பதால் சுத்தம் என்று சொல்ல முடியாது. கடையிலேயே கட்டிலைக் கழற்றச் சொல்லுங்கள். கால் சேரும் பொருத்து, மர ஆணித் துளை, கடைசல் வேலைப்பாட்டின் பள்ளம், பின்னிய கட்டிலானால் பிரம்பு நுழையும் ஓட்டை எல்லாவற்றிலும் டார்ச் அடியுங்கள். கழற்ற மாட்டேன் என்றால் வாங்காதீர்கள்.

வாங்கினால் வீட்டுக்கு வெளியே வைத்தே நீராவிக் கருவியால் ஒவ்வொரு பொருத்தையும் மெதுவாகச் சுடுங்கள். வேகமாக ஓட்டினால் மேல்பரப்பு மட்டும் சுடும். கொதிக்கும் தண்ணீரை இடுக்கில் ஊற்றும் நம் வீட்டுப் பழக்கமும் வேலை செய்யும், ஆனால் பாலிஷ் போகும். மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள், தீப்பிடிக்கும். வெயிலில் போட்டால் பூச்சி நிழல் பக்கத்துக்கு நகர்ந்துவிடும். சுத்தம் செய்த பின் இடுக்கு, துளைகளை மரத்தூளும் ஃபெவிகாலும் குழைத்து அடையுங்கள்.

கே: பூர்வீக வீட்டில் நாலு அறையை வாடகைக்கு விடுகிறோம். பழைய வீடு என்றால் பூச்சி இருக்கத்தானே செய்யும்? விருந்தாளிகள் புரிந்துகொள்ள மறுக்கிறார்கள். (வாசகர், கோட்டையூர் அருகே)

நீங்களும் இதைச் சொல்கிறீர்களே என்று வருத்தமாக இருக்கிறது. இந்த வட்டாரத்தில் அறை விடுகிறவர்கள் பலர் சொல்லும் சாக்கு இது, அந்த வீடுகளுக்குச் செய்யும் அவமரியாதையும் கூட. உயரமான அடித்தளம், முட்டை வெள்ளைக் கரு சேர்த்துத் தேய்த்த சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடிக் கல் தரை, வெளிச்சமும் காற்றும் கொட்டும் முற்றம். வழவழப்பான சுவரில் பூச்சி முட்டையிட இடுக்கே இல்லை. ஆச்சிமார்கள் பொங்கலுக்கு முன் ஒட்டடைக் கம்பை எடுத்து உத்தரம் வரை தட்டாமல் விட்டதில்லை. பூச்சிக்கு இடம் கொடுப்பது நாம் பிறகு சேர்த்தவை: காற்றுப் போகாத அட்டாச்டு பாத்ரூம், பைப் நுழைய உடைத்து அடைக்காமல் விட்ட ஓட்டை, ஏசிக்காக அடித்த ஃபால்ஸ் சீலிங், தரையைத் தொடும் கனத்த திரைச்சீலை, அடியில் பெட்டி வைத்த கட்டில்.

இவற்றைச் சரிசெய்யுங்கள். பைப் ஓட்டையைச் சிமெண்டால் அடையுங்கள். கதவின் அடியில் ரப்பர் பட்டை போடுங்கள். அரை சென்டிமீட்டர் சந்து கரப்பானுக்குத் தாராளம். அறை வாசலில் வெள்ளை டியூப்லைட்டை எடுத்துவிட்டு மஞ்சள் வெளிச்ச எல்இடி மாட்டுங்கள். பூச்சி குறைந்தால் அதைத் தின்ன வரும் சிலந்தியும் பல்லியும் குறையும். ஆள் வராத வாரங்களில் பாத்ரூம் ஜாலியில் வாரம் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். அடியில் உள்ள வளைவில் நிற்கும் தண்ணீர் காய்ந்தால் சாக்கடைக் கரப்பானும் பூரானும் நேரே மேலே ஏறி வரும். கரப்பானுக்கு ஜெல் மருந்து போதும்: கதவுக் கீல், சிங்க் அடி, அலமாரி மூலைகளில் பயறளவுப் பொட்டுகள். அதன் பக்கத்தில் ஸ்ப்ரே அடித்தால் கரப்பான் ஜெல்லைத் தொடாது, காசு வீண். மெத்தைக்கு முழுதாக மூடும் ஜிப் உறை போடுங்கள். ஒவ்வொரு விருந்தாளி போன பிறகும் தலைமாட்டு மூலைகளை ஒரு ஆள் டார்ச் அடித்துப் பார்க்கட்டும். முற்றத்து உருளியில் பூ மிதக்க விடுகிறீர்களே, அந்தத் தண்ணீரை வாரம் இரண்டு முறை கொட்டி உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். பத்து நாள் விட்டால் அதிலிருந்துதான் கொசு கிளம்பும்.

கே: பிளக்கில் செருகினால் சத்த அலையால் பூச்சியை விரட்டும் கருவி, 799 ரூபாய். பயணத்துக்கு வாங்கலாமா? (வாசகி, புதுக்கோட்டை)

வேண்டாம். எங்கள் வீட்டில் ஒன்று பயன்படாமல் கிடக்கிறது. 2001-லேயே அமெரிக்க வணிக ஆணையம் இத்தகைய கருவி விற்ற 60-க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு, ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்யாதீர்கள் என்று எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அந்தப் பணத்தில் நல்ல டார்ச் வாங்குங்கள்.

கே: தலையணைக்கு அடியில் வேப்பிலை? (வாசகர், திருப்பத்தூர்)

மூட்டைப்பூச்சிக்குப் பயனில்லை.

கே: பூச்சி என்று சொன்னதும் மருந்து அடித்துவிட்டு, ஒரு மணி நேரத்தில் அதே அறைக்குப் போகச் சொல்கிறார்கள். கைக்குழந்தை இருக்கிறது. (வாசகி, காரைக்குடி வந்தவர்)

போகாதீர்கள். என்ன மருந்து, எத்தனை மணி நேரம் கழித்து உள்ளே போகலாம் என்று டப்பாவின் லேபிளைக் காட்டச் சொல்லுங்கள். காட்டவில்லை என்றால் அந்த ஹோட்டலே வேண்டாம். 2024 நவம்பரில் குன்றத்தூர் பக்கம் வீட்டில் வைத்த எலி மருந்தின் நெடியில், ஏசி போட்டு மூடிய அறையில் தூங்கிய இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். மாத்திரையோ பொடியோ வைத்த அறை, அழுகிய மீன் அல்லது பூண்டு நெடி அடிக்கும் அறை என்றால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உடனே வெளியே வந்துவிடுங்கள். வாந்தி, மூச்சுத் திணறல் இருந்தால் 108. வாடகையைப் பற்றி மறுநாள் பேசிக்கொள்ளலாம். பில்லை மட்டும் விடாமல் வாங்குங்கள்.