லேப்டாப்புக்கு ராம் வாங்கப் போகிறீர்களா? பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டு போங்கள்

ரங்கூனில் லேப்டாப் பழுது பார்ப்பதுதான் என் பிழைப்பு. ராம், அதாவது லேப்டாப்பின் தற்காலிக நினைவகப் பட்டை, அதை மாற்றுவது பற்றி பர்மாவில் பல ஊர்களில் இருக்கும் நம் ஆட்கள் கேட்ட கேள்விகளுக்கு ஒரே மூச்சில் பதில் சொல்லிவிடுகிறேன்.

சிரியத்திலிருந்து ஒரு தம்பி: அண்ணே, என் லேப்டாப்பில் 4 ஜிபி இருக்கிறது. கூட 8 ஜிபி ஒன்று வாங்க வேண்டும். கடையில் என்ன சொல்லிக் கேட்பது?

"8 ஜிபி ராம் கொடுங்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள், தம்பி. செருப்புக் கடையில் கால் அளவைச் சொல்லாமல் நிறத்தை மட்டும் சொல்வது மாதிரி அது. பழையதைக் கழற்றி எடுத்துப் போங்கள். முடியாவிட்டால் அதன் ஸ்டிக்கரைப் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஸ்டிக்கரில் "4ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி4-2400டி-எஸ்" என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். பிசியை ஒட்டி வரும் எண்தான் ராமின் தலைமுறை, அதை டிடிஆர் என்று சொல்வார்கள். 3 என்றால் டிடிஆர்3, 4 என்றால் டிடிஆர்4. அடுத்து வரும் 2400 வேகம். கடைசியில் உள்ள எஸ், இது லேப்டாப்புக்கான சின்ன அளவு என்று சொல்கிறது. லேப்டாப் ராம் ஏழு சென்டிமீட்டருக்கும் குறைவு, டெஸ்க்டாப் ராம் பதின்மூன்றுக்கும் மேல், பார்த்தாலே தெரியும். 1ஆர்எக்ஸ்8 என்பது சிப்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பது. ஒரே மாதிரி கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் அதற்காகத் தூக்கம் கெட வேண்டாம்.

சில ஸ்டிக்கரில் 2400 இருக்க வேண்டிய இடத்தில் 19200 என்று இருக்கும். எட்டால் வகுத்துப் பாருங்கள், அதே 2400தான். 12800 என்றால் 1600, 25600 என்றால் 3200. அந்தப் பெரிய எண் ஒரு நொடிக்கு எத்தனை மெகாபைட் போகும் என்ற கணக்கு, அவ்வளவுதான்.

வேகம் கூடுதலான ராம் வாங்கினாலும் பெரும்பாலும் தகராறு இல்லை. 3200-ஐ 2400 மெஷினில் போட்டால் அது 2400-இல் ஓடும். தலைமுறை மாறினால்தான் ஒன்றும் நடக்காது. லேப்டாப் அளவில் டிடிஆர்3-க்கு 204 பின் (ஓரத்தில் இருக்கும் தங்க நிறக் கோடுகள்), டிடிஆர்4-க்கு 260, டிடிஆர்5-க்கு 262. நடுவில் இருக்கும் வெட்டின் இடமும் மாறும். உட்காரவில்லை என்றால் அழுத்தாதீர்கள். ராம் உட்காரும் ஸ்லாட்டை அழுத்தி உடைத்துக்கொண்டு வருகிறவர்களிடம் நான் என்ன சொல்ல?

பெகுவிலிருந்து: மாமா கொடுத்த பழைய லேப்டாப். ராமில் பிசி3எல் என்று போட்டிருக்கிறது. கடைக்காரர் பிசி3-யும் அதுவும் ஒன்றுதான் என்கிறார். வாங்கலாமா?

வாங்காதீர்கள். அந்த எல் எழுத்துதான் எல்லாமே. பிசி3-க்கு 1.5 வோல்ட் வேண்டும், பிசி3எல் 1.35 வோல்ட்டில் ஓடும். பின் எண்ணிக்கையும் ஒன்று, வெட்டும் அதே இடம், அதனால் தவறானதும் சமர்த்தாக உள்ளே போய் உட்கார்ந்துவிடும். ஆனால் 2013-இல் வந்த இன்டெல் நான்காம் தலைமுறை முதல் டிடிஆர்3 லேப்டாப்கள் பெரும்பாலும் 1.35-ஐத்தான் கொடுக்கும்.

எனக்கும் ஒரு கடையில் இதே "ஒன்றுதான்" கதையைச் சொல்லி விற்றார்கள். திரை இருட்டு, பீப் சத்தம் மட்டும். போர்டு போய்விட்டது என்று நினைத்து இரண்டு நாள் அதையே நோண்டினேன். மூன்றாம் நாள்தான் ஸ்டிக்கரைப் பார்த்தேன். வாடிக்கையாளரிடம் இதைச் சொல்லவில்லை, இப்போது உங்களிடம் சொல்கிறேன். மாற்றிப் போட்டால் கவலையில்லை: 1.5 கொடுக்கும் பழைய மெஷினில் பிசி3எல் சாதாரணமாக ஓடும்.

மோல்மீனிலிருந்து ஒரு அக்கா: 4-ம் 8-ம் சேர்த்துப் போட்டால் கெட்டுப்போகுமா? கம்பெனியும் வேறு வேறு.

கெடாது அக்கா. இரண்டு ராமும் ஜோடியாக வேலை செய்தால் வேகம் கூடும். 4-ம் 8-ம் போட்டால், பல இன்டெல் மெஷின்களில் நாலுக்கு நாலு ஜோடி சேர்ந்துகொள்ளும், மிச்சம் 4 ஜிபி தனியாக ஓடும். கம்பெனி வேறாக இருந்தாலும் பெரும்பாலும் ஒத்துப்போகும். வேகம் வேறானால் இரண்டும் குறைந்த வேகத்துக்கு இறங்கிவிடும். கையில் காசு இருந்தால் 8-ம் 8-ம் போடுங்கள். இல்லையென்றால் 12 ஜிபியே போதும், பிள்ளைகள் படிப்புக்கு அது தாராளம்.

தட்டோனிலிருந்து: 2400 என்று வாங்கினேன். கம்ப்யூட்டர் விவரம் காட்டும் சிபியு-இசட் மென்பொருளில் 1200 காட்டுகிறது. ஏமாந்துவிட்டேனா?

இல்லை. டிடிஆர் ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தகவல் அனுப்பும். சிபியு-இசட் காட்டுவது துடிப்பின் எண்ணிக்கை, அதை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

ரங்கூனிலிருந்து: திறந்து பார்க்காமலே ஸ்லாட் காலியா என்று தெரியுமா?

விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸில் மெமரியைப் பாருங்கள். ஸ்லாட்ஸ் யூஸ்ட் என்ற இடத்தில் "2-இல் 1" என்ற மாதிரி வரும். அதன் பக்கத்தில் ஃபார்ம் ஃபேக்டர் எஸ்ஓடிம் என்றிருந்தால் கழற்றக்கூடியது. "ரோ ஆஃப் சிப்ஸ்" என்றிருந்தால் போர்டிலேயே பற்றவைத்தது, கழற்ற முடியாது. ஆனால் இதை மட்டும் நம்பிக் காசு கொடுக்காதீர்கள், சில மெஷினில் இது தப்பாகவும் காட்டும். மாடல் எண்ணை வைத்து, கம்பெனி வெளியிட்ட கையேட்டில் எவ்வளவு ஜிபி வரை ஏற்கும் என்று பார்த்துவிடுங்கள்.

அதே ஆள் மறுபடியும்: 8 ஜிபி போட்டேன், 3 ஜிபி சொச்சம்தான் பயன்படும் என்கிறது.

உங்கள் விண்டோஸ் 32 பிட் வகை, அது நாலு ஜிபிக்கு மேல் பயன்படுத்தாது. ராமில் குறையில்லை. 64 பிட் போடுங்கள்.

சிரியத்துத் தம்பி திரும்ப வந்தார்: வாங்கி மாட்டிவிட்டேன் அண்ணே, திரை இருட்டாகவே இருக்கிறது!

பதறாதீர்கள். புது ராமைப் பார்த்ததும் மெஷின் அதை அளந்து பார்க்கும், முதல் தடவை ஓரிரு நிமிடம் ஆகலாம். அப்புறமும் வராவிட்டால் சார்ஜரை உருவுங்கள், பேட்டரி இணைப்பையும் எடுங்கள். இதை விடாமல் செய்ய வேண்டும். கரண்ட் போயிருந்தாலும் பேட்டரி உள்ளே உயிரோடுதான் இருக்கும். ராமைக் கழற்றிச் சாய்வாக நுழைத்து, தங்க நிறக் கோடு வெளியே தெரியாத வரை தள்ளி, பிறகு கீழே அழுத்துங்கள். இரண்டு பக்கக் கொக்கியும் டக்கென்று பிடிக்க வேண்டும். பத்தில் எட்டுப் பேருக்கு இங்கேதான் கோளாறு என்பது என் அனுபவம்.

அதிலும் வராவிட்டால் பழைய 4 ஜிபியை எடுத்துவிட்டுப் புதியதை மட்டும் போட்டுப் பாருங்கள். வந்தால் இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். வராவிட்டால் பில்லை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பில் வாங்கினீர்கள்தானே?